திரையில் 200, முனையில் எவ்வளவு?

வேர்சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் பல் மருத்துவர் எடுக்கும் கருவி ஒன்று உண்டு. கைப்பிடிக்குள் பேட்டரி, பக்கவாட்டில் சிறு திரை, நுனியில் மெலிந்து வளைந்த உலோக முனை. பொத்தானை அழுத்தினால் ஒன்றிரண்டு விநாடிக்குள் முனை சூடேறும். திரையில் 200 என்று இருக்கும். சுத்தம் செய்த வேர்க்கால்வாய்க்குள் செருகியிருக்கும் கட்டா பெர்ச்சா குச்சியை அந்த முனை இளக்கி, கீழே அழுத்தி, மேல்பகுதியை அறுத்து எடுத்துக்கொண்டு வெளியே வரும். கருவியை ஹீட்டட் பிளக்கர் என்பார்கள்; வேலைக்கு டவுன்பேக் என்று பெயர்.

திரையில் தெரியும் 200 டிகிரி செல்சியஸ் உண்மையில் எங்கே இருக்கிறது? முனையின் நுனியிலா, நுனிக்கு 5 மில்லிமீட்டர் மேலேயா, கட்டா பெர்ச்சாவுக்குள்ளா, அல்லது கைப்பிடிக்குள் இருக்கும் சிப்பின் கணக்கில் மட்டுமா? ஆய்வாளர்கள் பல விதமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கருவிகளின் தரம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், ‘முனையின் வெப்பநிலை’ என்று ஒற்றை எண் ஒன்று இருப்பதாக எல்லோரும் எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டதால் நோயாளியின் பல்லுக்கு நேர்ந்த கேட்டைவிட ஆய்வுகளுக்கு நேர்ந்த கேடு அதிகம் என்பது என் வாசிப்பு.

சூட்டை எண்ணால் சொல்லும் பழக்கமே இத்துறைக்குப் புதிது. கட்டா பெர்ச்சா மலாயாக் காட்டு மரத்தின் பால். 1843இல் மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி சிங்கப்பூரிலிருந்து அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிய பிறகு ஐரோப்பா அதைக் கண்டுகொண்டது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அதைப் பூசினார்கள். அந்தத் தேவையில் காடுகள் காலியாயின. பல் மருத்துவத்துக்கு அது 1847இல் அசா ஹில் தயாரித்த அடைப்புக் கலவையாக வந்தது. 1867இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பவ்மன் அதை வேர்க்கால்வாய்க்குள் வைத்தார் என்று துறை வரலாறு சொல்கிறது. 1887இல் எஸ்.எஸ். வைட் நிறுவனம் குச்சிகளாகவே விற்கத் தொடங்கியது. அதன்பின் பல பதிற்றாண்டுகளுக்குக் குச்சிகளைக் குளிர்ந்த நிலையிலேயே பக்கவாட்டில் நெருக்கி அடைக்கும் முறைதான் பெரும்பாலும் நடந்தது.

1967இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் ஷில்டர் கால்வாயை முப்பரிமாணத்தில் நிரப்ப வேண்டும் என்று எழுதிய கட்டுரை அந்தப் பழக்கத்தை மாற்றியது. கால்வாய் நேரான குழாய் அல்ல. கிளை விடும், பக்கவாட்டில் விரியும், இரண்டு கால்வாய்களுக்கு நடுவே மெல்லிய இடுக்கு ஓடும். குளிர்ந்த குச்சி அங்கெல்லாம் போகாது. இளகிய கட்டா பெர்ச்சா போகும். ஷில்டர் முறையில் உலோகக் கம்பியைச் சுடரில் காட்டி, செக்கச்சிவக்கக் காய்ச்சி, சட்டென்று கால்வாய்க்குள் விட்டு எடுப்பார்கள். பிறகு குளிர்ந்த பிளக்கரால் அழுத்துவார்கள். கொல்லர் பட்டறையில் போல நிறம்தான் அங்கே வெப்பமானி. எஃகு அந்த நிறத்துக்கு வரும்போது சூடு 700 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் சுடரை விட்டுக் கால்வாய் வாசலுக்கு வருவதற்குள் அதில் எவ்வளவு காற்றில் போனது என்று எவரும் சொல்ல முடியாது. யாரும் சொல்லவும் முயலவில்லை. அந்த முறையில் ஒரு நேர்மை இருந்தது: இத்தனை டிகிரி என்று அது உரிமை கொண்டாடவே இல்லை.

ஷில்டரும் கூட்டாளிகளும் கேள்வியை மறுமுனையிலிருந்து கேட்டார்கள். கம்பி எவ்வளவு சூடு என்பதை விட்டுவிட்டு, கட்டா பெர்ச்சாவுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்த்தார்கள். 1970களில் வெளியான அவர்களின் தொடர் ஆய்வு இன்றும் அடித்தளம். குச்சியில் பீட்டா என்ற படிக வடிவில் இருக்கும் பொருள் 42 முதல் 49 டிகிரிக்குள் ஆல்ஃபா வடிவுக்கு மாறும். 53 முதல் 59 டிகிரிக்குள் படிக ஒழுங்கை இழந்து இளகிவிடும். 60ஐத் தாண்டிய சூடு அடைப்பதற்குத் தேவையே இல்லை என்பதுதான் இதன் பொருள். 1981இல் வந்த தொடர்ச்சியில், தங்களின் இந்தச் செங்குத்து அழுத்த முறையில் கால்வாய்க்குள் இருக்கும் கட்டா பெர்ச்சா சந்திக்கும் அதிகபட்ச வெப்பம் 80 டிகிரி அளவே என்றும், வேர் நுனியருகே அது உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரிதான் கூடுகிறது என்றும் காட்டினார்கள். எழுநூறு டிகிரிக் கம்பி உள்ளே போய் எண்பது டிகிரியைத்தான் விட்டுச் சென்றது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அன்றே துறை மனத்தில் வாங்கியிருந்தால் பின்னால் வந்த குழப்பம் பாதி குறைந்திருக்கும்.

மின்சாரம் 1980களில் வந்தது. டச் அண்ட் ஹீட் என்ற கருவி சுடரை ஒழித்தது. 1990களின் நடுவில் ஸ்டீபன் புக்கானன் சிஸ்டம் பி கருவியோடு தொடரலை முறையைக் கொண்டுவந்தார். பல தடவை சூடு காட்டி, பல தடவை அழுத்திய வேலையை ஒரே மூச்சில் முடிப்பது அது. முனை வேர் நுனிக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் தொலைவு வரை இறங்கும். பொத்தானை விட்டு 10 விநாடி அழுத்திப் பிடித்தால், குளிரும்போது கட்டா பெர்ச்சா சுருங்குவதை அழுத்தம் ஈடுகட்டும். பிறகு ஒரு விநாடிச் சூடு கொடுத்து முனையைப் பிரித்தெடுக்க வேண்டும். இந்த முறையோடுதான் 200 என்ற எண் எல்லார் வாயிலும் ஏறியது. பாடப்புத்தகம், பயிற்சி வகுப்பு, அதன்பின் வந்த கம்பியில்லாக் கருவிகளின் கையேடு என்று எங்கும் அதே எண்தான்.

முனைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கடைசி 5 மில்லிமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். சராசரி விட்டம் 0.6 மில்லிமீட்டர், முழுக்க எஃகு என்று வைத்தால் எடை சுமார் 11 மில்லிகிராம். அதை 37 டிகிரியிலிருந்து 200க்கு ஏற்ற ஒரு ஜூல் ஆற்றல்கூடத் தேவையில்லை. முனையைச் சுற்றி ஒட்டியிருக்கும் சில கனமில்லிமீட்டர் கட்டா பெர்ச்சாவை 60 டிகிரி ஏற்றவும் ஏறக்குறைய அதே ஆற்றல் வேண்டும். அதாவது, காற்றில் 200 டிகிரியில் நின்ற முனை கட்டா பெர்ச்சாவைத் தொட்ட கணமே தன் சேமிப்பை எல்லாம் கொடுத்துவிடும். அதன் சூடு சரியும். மின்னோட்டம் தொடர்ந்து ஈடுசெய்தால்தான் அது நிற்கும்.

ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேப்பர் பாயிண்ட் என்ற உறிஞ்சுகாகிதக் குச்சியால் உலர்த்திய பிறகும் கால்வாயில் ஒரு மில்லிகிராம் நீர் தங்கிவிட்டால், அது ஆவியாக இரண்டு ஜூலுக்கு மேல் குடிக்கும். முனை சேர்த்து வைத்திருக்கும் சூட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். சரியாக உலராத கால்வாயில் ‘இன்றைக்கு பிளக்கர் ஏனோ இறங்கவில்லை’ என்று மருத்துவர் நொந்துகொள்வதில், கருவியின் குற்றமில்லாத தடவைகளும் இருக்கத்தான் செய்யும்.

ஆகவே கருவியின் உண்மையான திறமை, காற்றில் 200ஐ எட்டுவதில் இல்லை. சுமை ஏறியதும் எவ்வளவு வேகமாக ஈடுகொடுக்கிறது என்பதில் இருக்கிறது. ஈடுகொடுக்க முதலில் முனையின் நிலைமை அதற்குத் தெரிய வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமனுக்குள் தனி வெப்பமானி வைப்பது எளிதல்ல. பல கருவிகள் முனையின் மின்தடையை வைத்தோ, செலுத்திய மின்னோட்டத்தை வைத்தோ சூட்டைக் கணிக்கின்றன. சிக்கல் அங்கேதான். துருப்பிடிக்கா எஃகின் மின்தடை வெப்பத்தோடு சிறிதளவே மாறும். மின்தடையில் ஒரு சதவீதப் பிழை நுழைந்தால் கணிப்பில் ஏறத்தாழ பத்து டிகிரி தடம் மாறிவிடும். முனையைக் கைப்பிடியில் செருகும் இடத்தில் கொஞ்சம் அழுக்கு, ஆட்டோக்ளேவில் 134 டிகிரி நீராவியில் திரும்பத் திரும்ப வெந்ததால் படிந்த ஆக்சைடு, தேய்ந்து தளர்ந்த தொடுமுனை, இறங்கிப்போன பேட்டரி என்று அந்த ஒரு சதவீதம் நுழைய வாசல்கள் நிறைய. தடித்த முனையும் மெலிந்த முனையும் மின்தடையில் வேறு வேறு. எந்த முனை மாட்டியிருக்கிறது என்று கருவிக்குத் தெரியாவிட்டால், ஒரே அமைப்பில் இரண்டும் இரண்டு சூட்டைத் தரும். திரை மட்டும் இரண்டுக்கும் 200 என்றே சொல்லும்.

சரி, வெளியிலிருந்து அளந்து சரிபார்க்கலாமே என்றால், அளப்பதிலும் அத்தனை கோளாறு இருக்கிறது. தெர்மோகப்பிள் என்பது இரண்டு உலோகக் கம்பிகள் சேரும் சிறு மணி. அந்த மணியும் பிளக்கர் நுனியும் கிட்டத்தட்ட ஒரே பருமன். நுனியைத் தொட்டதும் மணி தானும் சூட்டை உறிஞ்சும். தன் கம்பி வழியாக வெளியே கடத்தியும் விடும். மணியும் முனையும் ஒரு புள்ளியில் மட்டும் தொடுவதால் சூடு முழுதாகக் கடக்காது. இரண்டுமே அளவைக் கீழே இழுக்கும் பிழைகள். முனை இரண்டு விநாடியில் ஏறி இறங்கிவிடுகிறது. மணி சோம்பேறியாக இருந்தால் உச்சத்தைப் பார்க்காமலே விட்டுவிடும்.

அகச்சிவப்புக் கேமரா தொடாமலே அளக்கும் என்பதால் பலருக்கு அதன்மேல் நம்பிக்கை. பளபளப்பான எஃகு அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே உமிழும். சுற்றுப்புறத்தைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். மினுக்கும் முனையை அப்படியே படமெடுத்தால் 200 டிகிரி உலோகம் வெறும் வெதுவெதுப்பாகப் பதிவாகக்கூடும். முனைக்குக் கருப்பு மேட் பூச்சு அடித்தோ, உமிழ்திறனைத் திருத்தியோ அளக்க வேண்டும். ஓர் ஆய்வு அகச்சிவப்பு அளவீடு என்று சொன்னால், முதலில் நான் தேடுவது உமிழ்திறனை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்ற வரியை. அது இல்லாத கட்டுரையின் எண்களை நான் எடுத்துக்கொள்வதில்லை. வேரின் வெளிப்புறத்தை இதே கேமராவால் அளப்பது வேறு கதை. பல்லின் பரப்பு உலோகம்போல் மினுக்குவதில்லை. அங்கே கேமரா நம்பகமானது.

இந்தப் பின்னணியில்தான் மால்டாவிலும் பிரேசிலிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து 2014, 2015இல் வெளியிட்ட அளவீடுகளைப் பார்க்க வேண்டும். ஜோசெட் கமில்லேரி அவர்களில் ஒருவர். வேர்சிகிச்சைப் பொருள்களின் வேதியியலில் பெயர் பெற்றவர். சிஸ்டம் பியை 200இல் வைத்து, முனையின் பல இடங்களில் தெர்மோகப்பிளால் அளந்தார்கள். திரையில் இருந்த எண்ணை முனையின் எந்த இடமும் தொடவில்லை. பதிவானது அதில் பாதிக்கும் கீழ். அதிலும் அதிகச் சூடு இருந்தது தண்டுப் பகுதியில். வேலை செய்ய வேண்டிய நுனி அதைவிடக் குளிர்ந்திருந்தது. தொடு அளவீட்டின் கீழிழுக்கும் பிழையை நான் முன்பே சொன்னேன். இதன் எண்களிலும் அது இல்லாமல் இருக்காது. ஆனாலும் அந்தப் பிழை மட்டுமே 200ஐ இவ்வளவு தூரம் இறக்கிவிடும் என்று நம்புவது கடினம். அதைவிட முக்கியம், 1981இல் கட்டா பெர்ச்சாவுக்குள் அளந்த 80 டிகிரியோடு இந்த முடிவு ஒத்துப்போகிறது. இருவேறு தலைமுறைகள், இருவேறு கேள்விகள், பக்கத்துப் பக்கத்து விடைகள்.

கேடு எங்கே வந்தது என்றால், சீலரில். குச்சிக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவே பூசும் ஒட்டுப்பசைதான் சீலர். சூடு பட்டால் அது என்னவாகும் என்று பார்த்த பல ஆய்வுகள், திரையில் இருக்கும் 200ஐ உண்மை என்று எடுத்துக்கொண்டு, சீலரை அதே அளவு சூட்டில் வாட்டிப் பார்த்தன. ஏஎச் பிளஸ் போன்ற எப்பாக்சி சீலர்களில் இறுகலை நடத்தும் அமீன் கூறு சூட்டில் பாதிக்கப்படுகிறது, இறுகும் நேரமும் வலிமையும் மாறுகின்றன என்பது 100 டிகிரிச் சோதனையிலேயே தெரிந்தது. நீரைக் கொண்டு இறுகும் கால்சியம் சிலிகேட் சீலர்கள், அதாவது பயோசெராமிக் என்று விற்பவை, சூட்டில் நீரை இழந்து கெட்டியாகி ஓட்டத்தை இழக்கின்றன. இவை மெய்யான விளைவுகள்தான். ஆனால் கால்வாய்க்குள் அந்தச் சீலர் எத்தனை டிகிரியை, எத்தனை விநாடி சந்திக்கிறது என்பதைச் சொல்லாமல் இவற்றுக்குப் பொருள் இல்லை. 200 டிகிரியில் ஒரு நிமிடம் வாட்டிய சீலரும், முனை உரசிப்போன அந்த இரண்டு விநாடியில் 60 டிகிரியைத் தொட்டு இறங்கிய சீலரும் ஒரே பொருள் அல்ல. பிடுங்கிய பல்லின் கால்வாய்க்குள்ளேயே உணரியை வைத்து நேரடியாக அளந்த பின்னாளைய ஆய்வுகளும், உச்சச் சூடு சில விநாடிக்கு மேல் நிற்பதில்லை என்பதையும், முனை போகாத நுனிப் பகுதிக்கு அது மிகக் குறைவாகவே எட்டுகிறது என்பதையும்தான் காட்டுகின்றன.

ஆகவே ஓர் ஆய்வுக் கட்டுரையில் ‘200 டிகிரியில் சூடாக்கினோம்’ என்று இருந்தால், ‘200இல் அமைத்தோம்’ என்று திருத்திப் படிப்பது நல்லது. இந்தச் சின்னத் திருத்தத்தைச் செய்து பழைய கட்டுரைகளைத் திரும்பப் படித்தால், ‘இந்தச் சீலரைச் சூட்டு முறைக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற தீர்ப்புகளில் சில தளர்ந்துபோகும். சில நிற்கும். குறிப்பாக, நீரை நம்பியிருக்கும் சீலர்களுக்கு 100 டிகிரியை ஒட்டிய சூடு சில விநாடி பட்டாலும் பகைதான். சூட்டு முறைக்கென்றே தனிக் கலவைகளை நிறுவனங்கள் கொண்டுவந்ததற்கு அதுவே காரணம்.

எலும்பின் பக்கம் பேசாமல் இந்தக் கேள்வி முடியாது. மருத்துவர்களை உண்மையில் பயமுறுத்துவது அதுதான். 1983இல் ஸ்வீடனின் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் இருவரும் முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கண்ணாடி அறை பொருத்தி, உயிருள்ள எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தபடியே சூடாக்கினார்கள். 47 டிகிரி ஒரு நிமிடம் நின்றால் எலும்பில் சேதம் தெரிந்தது. உடல் வெப்பம் 37. ஆகவே ‘வேரின் வெளிப்பரப்பு 10 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது’ என்ற எல்லை பிறந்தது. வேர்சிகிச்சையில் வெப்பம் பேசும் கட்டுரை ஒவ்வொன்றும் இந்த எல்லையைத்தான் பிடித்துத் தொங்குகிறது.

அந்த எல்லைக்கு ஒரு வால் உண்டு: ஒரு நிமிடம். பிளக்கர் உள்ளே சூடாக இருப்பது சில விநாடி. வேர்ச்சுவரான தந்தினி சூட்டைக் கடத்துவதில் சோம்பல் பிடித்த பொருள். வெளியே, வேரை எலும்போடு பிணைக்கும் இணைநாரில் ஓடும் ரத்தம் வந்த சூட்டை அள்ளிக்கொண்டு போகும். ஆய்வகத்தில் பிடுங்கிய பல்லுக்கு அந்த ரத்தம் இல்லை. ஆகவே சோதனைக்கூட எண்கள் ஆபத்தைக் கூட்டியே காட்டும். அப்படிக் காட்டியும், சிஸ்டம் பி, டச் அண்ட் ஹீட் இரண்டையும் அளந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை 10 டிகிரிக்குள்ளேயே நின்றன. விதிவிலக்கு மெலிந்த வேர்கள். போலந்தின் மரியுஸ் லிப்ஸ்கி 2005இல் அகச்சிவப்புக் கேமராவால் அளந்தபோது, கீழ் முன்பற்களில் எல்லை தாண்டியது. பருத்த மேல் முன்பற்களில் தாண்டவில்லை. சுவர் மெலிந்தால் சூடு வெளியே வரும் என்பதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை.

வேரிலும் எலும்பிலும் மெய்யான சேதம் பதிவானது வேறு கருவிகளில். சுழலும் கம்பியின் உராய்வால் கட்டா பெர்ச்சாவை இளக்கும் மெக்ஸ்பேடன் முறை 1970களின் இறுதியில் வந்தது. அதில் சூட்டைக் கட்டுப்படுத்த எதுவும் கிடையாது. ஃபெரட் என்னும் விலங்கின் பற்களில் 1990இல் அதைச் சோதித்தபோது வேரின் புறப்பரப்பு கரைந்ததைக் கண்டார்கள். வேருக்குள் திருகிய உலோகக் கம்பத்தைத் தளர்த்த மீயொலிக் கருவியைத் தண்ணீரில்லாமல் நெடுநேரம் வைத்ததால் தாடை எலும்பே வெந்துபோன நேர்வுகள் 2005இல் வெளியாயின. இவற்றில் எதிலும் டிகிரி எண் காட்டும் திரை இல்லை. கொன்றது சூட்டின் உச்சத்தைவிட அது நின்ற நேரம். பிளக்கரில் டிகிரியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் விநாடியைப் பற்றி அதில் பாதியாவது பேசலாம். இறங்காத முனையைப் பொத்தானை விடாமலே ஆறேழு விநாடி அழுத்திப் பிடிப்பதுதான், 200ஐ 230 ஆக்குவதைவிடப் பெரிய ஆபத்து. குளிர்ந்த முனை மருத்துவரை அதற்குத்தான் தூண்டுகிறது. இந்த வகையில், சூடு போதாத கருவியும் எலும்புக்கு ஆபத்தானதே.

தரநிலைகள் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. சீலருக்கான ஐ.எஸ்.ஓ. 6876, இறுகும் நேரத்தை 37 டிகிரியில் பார்க்கச் சொல்கிறது. சூடு பட்ட சீலரை அது கேட்பதில்லை. பிளக்கர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 3630இன் மூன்றாம் பகுதிக்கு முனையின் வடிவும் அளவும்தான் அக்கறை. ரத்த அழுத்தக் கருவிக்கும் தராசுக்கும் கேலிபரேஷன் கேட்கும் மருத்துவமனை, பிளக்கருக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் செய்து தர வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மருத்துவர் தன் கருவியை ஒப்பிட்டுப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முழு சார்ஜில், ஒரே முனையில், ஒரே அளவுக் குச்சியை நறுக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று புது முனை வாங்கிய அன்றே குறித்துவைத்துக்கொண்டு, அவ்வப்போது திரும்பச் செய்து பார்ப்பது. டிகிரி தெரியாது, தளர்ச்சி தெரியும். நோயாளி நாற்காலியில் இருக்கும்போது தெரிய வேண்டியதும் அதுதான். தயாரிப்பாளர்கள் கையேட்டில் அச்சிட வேண்டியதும் காற்றில் எட்டும் உச்ச எண் அல்ல. 37 டிகிரியில் வைத்த ஈரமான, கட்டா பெர்ச்சா நிரம்பிய சோதனைக் கால்வாயில், முனையின் நுனி மூன்று விநாடிக்குள் எந்த வெப்பநிலையில் நிற்கிறது என்ற வளைகோட்டை அச்சிடட்டும். ஒவ்வொரு முனை அளவுக்கும் தனித்தனியாக.

இத்தனை துல்லியம் தேவைதானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சூட்டு முறையையும் குளிர்ந்த பக்கவாட்டு முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று, சிகிச்சையின் நெடுங்கால வெற்றியிலோ பிந்தைய வலியிலோ இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை. ஒன்றில் மட்டும் வேறுபாடு இருந்தது: சூட்டு முறையில் பொருள் வேர் நுனியைத் தாண்டி வெளியேறுவது அதிகம். கனடாவின் டொரண்டோ ஆய்வுகள் செங்குத்துச் சூட்டு முறையின் பக்கம் சற்றே சாய்ந்தன. ஆனால் அங்கே கால்வாயை விரித்த விதமும் வேறாக இருந்ததால், வெற்றி சூட்டுக்கு உரியதா விரிப்புக்கு உரியதா என்று பிரிப்பது கடினம். வெளியேறுவது சின்ன விஷயமில்லை. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களின் நுனிக்கு அடியில் நரம்புக் குழாய் ஓடுகிறது. அதற்குள் சூடான பொருள் இறங்கினால் அழுத்தம், வேதிப்பொருள், சூடு மூன்றும் சேர்ந்து உதட்டை மரத்துப்போகச் செய்யும்.

பயோசெராமிக் சீலரோடு ஒற்றைக் குச்சியைக் குளிரவே செருகி முடிக்கும் முறை இப்போது பல இடங்களில் பிளக்கரை ஓரங்கட்டி வருகிறது. அந்த மருத்துவர்களுக்குச் சூடு என்பது வாசலில் குச்சியின் தலையை அறுக்க மட்டும். அந்த வேலைக்கு 150 ஆனாலும் 250 ஆனாலும் ஒன்றுதான்.

ஆனால் எல்லாக் கால்வாயும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. கிழக்காசியரிடம் அதிகம் காணப்படும் கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் சி வடிவக் கால்வாய் ஓர் எடுத்துக்காட்டு. வளைந்த நீண்ட பிளவாக ஓடும் அதன் இடுக்குகளுக்குள் இளகிய கட்டா பெர்ச்சா போயாக வேண்டும். அதே பல்லில், வளைவின் உட்புறப் பள்ளத்தை ஒட்டிய சுவர் மிக மெலிவு. சூடு அதிகம் கேட்கும் இடமும் சூட்டைக் குறைவாகத் தாங்கும் இடமும் ஒன்றாக வாய்த்த பல் அது. பிளக்கரின் வெப்பத்தை அளந்த ஆய்வுகளோ பெரும்பாலும் நேரான ஒற்றை வேர்ப் பற்களிலேயே நடந்திருக்கின்றன.